இரண்டடுக்கு பஸ்ஸும் ஒரு தட்டுச் சோறும்

இலண்டன் மாநகரத்தின் இரண்டடுக்கு பஸ்ஸை நேரில் காணாதவர்களும் படத்திலேனும் கண்டிருப்பார்கள். அந்நாளில் முன்புறச் சிற்றறையில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். கண்டக்டருக்கு உட்கார நேரம் கிடையாது. கீழ்த்தட்டில் சீட்டுக் கொடுத்து முடித்ததும் வளைந்த படிக்கட்டில் ஏறி மேல்தட்டுக்குப் போவார். அங்கே வேலை முடிந்ததும் மீண்டும் இறங்குவார். இன்று அந்தப் பஸ்களில் கண்டக்டர் என்ற உத்தியோகமே இல்லாமற் போய்விட்டது. ஆனால் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு மருத்துவர், இருதய நோயைப் பற்றி அதுவரை யாரும் எண்ணிக் காட்டியிராத ஓர் உண்மையை எண்ணிக் காட்டினார்.

அவர் பெயர் ஜெரி மாரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிவது பெருகிக்கொண்டு வந்தது. காரணம் விளங்கவில்லை. தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயுற்ற மாரிஸ், இலண்டன் போக்குவரத்து ஊழியர்களில் 35 முதல் 64 வயது வரை உள்ள ஆண்கள் சுமார் 31,000 பேரின் உடல்நலக் கணக்கை ஆராய்ந்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள். ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். வாழ்க்கைத் தரத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஒருவர் வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். 1953-ஆம் ஆண்டு வெளியான அவருடைய முடிவு இதுதான்: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, வந்தவுடன் உயிரைக் கொண்டுபோவது டிரைவர்களிடம் கண்டதில் ஏறத்தாழப் பாதிதான். தபால் இலாகாவிலும் அவ்வாறே. நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் கொடுத்த தபால்காரர்கள், நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஊழியர்களையும் விட நலமாக இருந்தார்கள்.

அறிவியல் பயிலும் நண்பர்கள் இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள், எழுப்ப வேண்டும். பருத்த உடம்புக்காரன் டிரைவர் வேலையைத் தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அப்படியானால் படிக்கட்டுக்கு ஏது பெருமை? இந்த ஐயம் மாரிஸுக்கே எழுந்தது. ஊழியர்களுக்குச் சீருடை தைத்த அளவுகள் பதிவேட்டில் இருந்தன. அவரும் உடன் உழைத்தவர்களும் கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்து ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார்கள். டிரைவர்களின் இடுப்பு எல்லா வயதிலும் பெரிதாகவே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் அப்படியே. ஆட்சேபம் பாதி மெய்யாயிற்று. ஆனால் பின்னர் மெலிந்தவர், நடுத்தரம், பருத்தவர் என்று உடல்வாகு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டரே மேலாக நின்றார். மெலிந்த டிரைவருக்கு மெலிவு முழுக் காப்பாக அமையவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மிகவும் வேண்டியது. (மாரிஸ் தம் ஆராய்ச்சியைத் தாமே நம்பி ஓடத் தொடங்கினார். 2009-இல் காலமானபோது அவருக்கு வயது 99. ஒருவரின் ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான்; ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இலண்டனை விட்டு நம் வளாகத்துக்கு வருவோம். நாம் யாவரும் டிரைவர் ஜாதி. வகுப்பில் உட்காருகிறோம், ஆய்வுக்கூடத்தில் உட்காருகிறோம், நூலகத்தில் உட்காருகிறோம், அறைக்கு வந்து கணினியின் முன்னால் உட்காருகிறோம்; களைத்துப்போனால் கைபேசியுடன் படுத்துக்கொள்கிறோம். பட்டம் பெற்று நாம் தேடப்போகும் உத்தியோகமும் உட்காரும் உத்தியோகமே. “இருபது வயதில் இதெல்லாம் என்ன செய்யும்?” என்பவர்களுக்காகவே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது.

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்தார்கள். உடல் உச்ச அளவில் உழைக்கும்போது எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. பிறகு பயிற்சியால் அதை மீட்டார்கள். கதை இங்கே முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1996-இல், அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தார்கள். ஐவரும் ஐம்பதை எட்டியிருந்தார்கள், உடம்பும் கனத்திருந்தது. ஆனால் முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டதைக் காட்டிலும், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்துக்கொண்டது அதிகமாக இருந்தது! பின்னர் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பழக்கியதில், முப்பது ஆண்டில் இழந்ததை மீண்டும் பெற்றார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐம்பது வயதில் கிடைத்த மீட்சி, இருதயம் அதிக இரத்தத்தைத் தள்ளியதால் வந்ததன்று. வரும் இரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும் திறன் தசைகளில் கூடியதால் வந்தது.

இருதயத்தின் கதையைத் தொடங்கிய நாம் இப்போது கால் தசைக்கு வந்து நிற்கிறோம். வழி தவறிவிடவில்லை. இருதயத்தின் நலம் பெரும்பாலும் இருதயத்துக்கு வெளியேதான் தீர்மானமாகிறது. அதை விளக்க ஒரு தட்டுச் சோறு போதும்.

மத்தியானம் மெஸ்ஸில் நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் சோறு 300 கிராமுக்குக் குறையாது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தவணையாக வருவதால் மொத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் சோற்றில் 80 கிராமுக்கு மேல் மாவுப் பொருள் இருக்கிறது. அது குடலில் குளுகோஸாக உடைந்து இரத்தத்தில் சேர வேண்டும். நம் உடம்பில் ஓடும் இரத்தம் முழுவதிலும் சாதாரணமாக இருக்கும் குளுகோஸ் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி இருக்க வேண்டிய இடத்துக்குப் பதினாறு தேக்கரண்டி வந்து சேர்கிறது. ஆயினும் ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் சர்க்கரை சற்றே ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வந்தது எங்கே போயிற்று?

குதிருக்குப் போயிற்று. நம் கிராமத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் போல, உடம்பிலும் இரண்டு குதிர்கள் உண்டு. ஒன்று கல்லீரல், அதில் சுமார் 100 கிராம் குளுகோஸைக் கிளைகோஜனாக மாற்றிச் சேமிக்கலாம். மற்றொன்று உடலெங்கும் பரந்து கிடக்கும் தசை. அதில் 400 கிராம் போல அடங்கும். எனவே பெரிய குதிர் தசைதான். அதிலும் தொடை, பின்புறத் தசைகளே பருத்தவை. குதிரின் கதவு எந்நேரமும் திறந்து கிடப்பதில்லை. உணவு வந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசை அணுவின் வாசலைத் தட்டுகிறது. அணுவின் உள்ளே தயாராக இருக்கும் ஒருவகைப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுகோஸை உள்ளே விடும் கதவுகளாக அமைகின்றன. ‘குளூட்-4’ என்பது அவற்றின் பெயர்.

நேற்றுப் போட்ட நெல்லை எடுத்துக் குத்தாத வீட்டில் குதிர் நிறைந்தே இருக்கும். அங்கே இன்று வந்த வண்டி நெல்லை எங்கே கொட்டுவது? தசையின் சேமிப்பு அந்தத் தசை உழைத்தால்தான் குறையும். கால் தசையின் கிளைகோஜனைக் கடன் வாங்கி மூளை படிக்க முடியாது. உடம்பில் அதற்கு வழியில்லை. நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் தசை நாளடைவில் இன்சுலினின் தட்டுதலுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது. இன்னும் அதிக இன்சுலினை அனுப்புகிறது. இந்த நிலையில் இரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை ஒழுங்காகவே காட்டும். அந்த ஒழுங்கு கணையத்தின் மிகை உழைப்பால் வாங்கியது. பல்லாண்டு இப்படி உழைத்த கணையம் ஒருநாள் பின்தங்கும்போதுதான் நீரிழிவு என்ற பெயர் வைக்கப்படுகிறது. பெயர் வைத்த நாள் நோயின் பிறந்த நாள் அன்று.

இதற்கிடையில் தசை ஏற்காத குளுகோஸ் கல்லீரலில் குவிகிறது. கல்லீரலின் குதிர் சிறியது. எஞ்சியதை அது கொழுப்பாக மாற்றுகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மற்றொரு பகுதி டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக இரத்தத்தில் இறங்குகிறது. அது ஏறினால், இரத்தக் குழாய்க்கு நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது, தீமை தரும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, செறிந்து, குழாய்ச் சுவரில் எளிதில் நுழையும் தன்மை பெறுகின்றன. இரத்த அழுத்தமும் உயரத் தொடங்குகிறது. சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் என்று தனித்தனி நோயாக எண்ணிய இவற்றை ஒரே முடிச்சாகக் கண்டு 1988-இல் எடுத்துரைத்தவர் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர். நெய் படாத சோற்றிலிருந்தும் இரத்தக் கொழுப்பு பிறக்கும் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெலிந்த, இளவயது மனிதர்களையே எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் இன்சுலினுக்கு மந்தமாக இணங்கும் ஒரு சாராருக்கு மாவுப் பொருள் நிறைந்த உணவைக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட, அவர்களுடைய தசை கிளைகோஜன் சேமித்தது வெகுவாகக் குறைந்திருந்தது. கல்லீரல் கொழுப்பு உண்டாக்கியது இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இது 2007-இல் வெளியாயிற்று. 2011-இல் அதே ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: உண்பதற்கு முன் ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தால்? தசை கிளைகோஜன் சேமிப்பது மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது; கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்து கண்ட பலன் அன்று. ஒரே முறையில் கண்டது.

இது எப்படி நேர்ந்தது என்பதுதான் உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தசைக் கதவைத் திறக்க இன்சுலின் ஒன்றே சாவி என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது தசையின் சுருக்கம். தசை சுருங்கி விரியும்போது அதற்குள் கால்சியம் பாய்கிறது, எரிபொருள் குறைகிறது, அந்தக் குறைவை உணரும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை இன்சுலினின் உதவியின்றியே அதே குளூட்-4 கதவுகளை மேற்பரப்புக்கு அழைத்து வருகின்றன. இதில் பெரிய ஆறுதல் என்னவென்றால், இன்சுலினின் வழி அடைபட்டுப்போன நீரிழிவு நோயாளியிடமும் இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. பயிற்சி முடிந்த பின்பும் ஒருநாள், இரண்டுநாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பவருக்குப் புதன்கிழமையே அந்த வரவு தீர்ந்துவிடுகிறது.

இனி, “நான் ஒல்லி, எனக்கு இதெல்லாம் வராது” என்பவர்களின் வாதத்துக்கு வருவோம். நம் சங்கத்தில் அவர்களே பெரும்பான்மையோர் என்று தோன்றுகிறது. 2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வெளியாயிற்று. ஒருவர் புனே நகரத்து யாக்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை என்று கணக்கிடும் எண் இருவருக்கும் 22.3, அச்சாக ஒன்றே. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக்கின் ஓட்டம் காலையில் லிப்டின் கதவு மூடுவதற்குள் பாய்ந்து ஏறுவதோடு சரி என்று அக்கட்டுரையே வேடிக்கையாகக் குறிப்பிடுகிறது. வேடிக்கை இருக்கட்டும்; வேறுபாடு முழுவதும் ஓட்டத்தால் வந்ததன்று. புனேயில் பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்ட யாக்னிக்கின் ஆராய்ச்சி, நம் சிசுக்கள் 2.7 கிலோ எடையில் சிறிதாகப் பிறந்தாலும் தசைதான் குறைகிறது, தோலடிக் கொழுப்பு அவ்வளவு குறைவதில்லை என்று காட்டியது. குதிர் சிறிதாகவே நாம் பிறக்கிறோம். தராசு இதைச் சொல்லாது. இடுப்பைச் சுற்றும் நாடா ஓரளவு சொல்லும். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டருக்கும் பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை என்று கொள்கிறார்கள்.

இதன் விலையையும் கேளுங்கள். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் நடுவயது தென்னாசியர்களுக்கு 53 ஆகவும் மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. நம் பெற்றோர் பலர் இப்போது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடி.

இருதய நோயைப் பற்றி நம் நாட்டிலும் பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்து படிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டியது. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா என்பவர் ஊழியர்களின் மரணக் கணக்கை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார். இருதய நோய், நெய்யும் பாலும் தாராளமாக உண்ணும் பஞ்சாபியரைக் காட்டிலும் தென்னாட்டு ஊழியர்களிடம் ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. இதைக் கொண்டு நெய்யை வாரி ஊற்றிக்கொள்ளலாம் என்று யாரும் புறப்பட வேண்டா. சோறு, நெய் இரண்டில் மட்டுமா அவ்விரு பகுதியாரும் வேறுபட்டார்கள்? எத்தனையோ வேற்றுமைகள் உண்டு. மாரிஸின் கால்சட்டை ஆட்சேபம் இங்கே இன்னும் பலமாகப் பொருந்தும். ஆயினும் “நெய்யைத் தொடுவதில்லை, அதனால் எனக்குப் பயமில்லை” என்ற எண்ணத்தை அசைக்க அது போதும்.

அப்படியானால் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிடலாமா? வடக்கே வந்த ஆறு மாதத்தில் நம்மில் பாதிப் பேர் இந்தத் தீர்மானத்துக்கு வந்துவிடுகிறோம். ஊரிலிருந்து தொலைபேசியில் தாயாரும் அதையே சொல்லுகிறார்கள். 2025-இல் வெளியான அகில இந்திய உணவு ஆய்வு இதற்கு விடை தருகிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுப் பொருளிலிருந்தே வருகிறது. புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம் அளவுதான். தீட்டிய அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும், மொத்த மாவுப் பொருள் குறையாவிட்டால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுப் பொருளில் ஒரு சிறு பகுதியை, அதாவது மொத்தக் கலோரியில் 5 சதவீதம் போல, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமாக மாற்றியபோதுதான் அபாயம் குறைவாகக் காணப்பட்டது. இதுவும் ஒரு காலக் கணக்கெடுப்பே, முடிந்த முடிவன்று. ஆனால் மேலே கண்ட குதிரின் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சோற்றுக்கு மாற்று அல்ல. சோறே வேறு வேஷத்தில்.

சோற்றை வெறுக்கவும் வேண்டியதில்லை. மூன்று கரண்டிக்குப் பதில் இரண்டு. விட்ட இடத்தில் கூட்டு, பொரியல், கெட்டியான பருப்பு, தயிர், சுண்டல், விரும்பினால் முட்டை. பொரியலையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னால் உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். குளிர்பானம், பாட்டிலில் வரும் பழரசம் இவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, விடுவது நல்லது. கொழுப்பில் தவிர்க்க வேண்டியது செயற்கையாக இறுக்கிய டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயிலும் வனஸ்பதி போன்றவற்றிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் விதிப் புத்தகம் படிப்பதில்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மெஸ் சாம்பாருக்கு ருசி போதவில்லை என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும்போது அந்த 5 கிராம் வெகு விரைவில் வந்துவிடுகிறது.

உணவும் நடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நாள்தோறும் அரைமணி விரைவாக நடந்து, சோறும் சர்க்கரையும் குறைத்தவர்களில் 39.3 சதவீதம். மெட்பார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களில் 40.5. மாத்திரைக்குச் சமமான பலனை நடை தந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் அதற்கு மேல் குறையவில்லை. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் இதில் நான் முக்கியமாகக் கருதுவது. ஒரு மாதம் நடந்துவிட்டு, தராசு அசையவில்லை என்று நிறுத்திவிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடைக்காக நடந்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. நம்மைப் போன்ற 60 கிலோ உடம்பு அரைமணி விரைவாக நடந்தால் செலவாவது 130 கலோரி போல. இரண்டு மெதுவடை அதை வட்டியோடு திருப்பித் தந்துவிடும். நடையின் பலன் எரித்த கலோரியில் இல்லை. திறந்த கதவில் இருக்கிறது. தசை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதும், ஓய்வில் நாடித் துடிப்பு இறங்குவதும், இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து தளர்ந்து கொடுப்பதும் தராசில் விழாத வரவுகள்.

எவ்வளவு நடப்பது? நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று யாவரும் சொல்லுகிறார்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும், விளம்பரம் வாய்ப்பாடாகிவிட்டது. ஏழாயிரம் அடிக்குள்ளாகவே பெரும்பங்கு பலன் கிடைத்துவிடுகிறது என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இரண்டாவதை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். பிறவியிலேயே குதிர் சிறிதான நமக்கு அதைப் பெரிதாக்கும் வேலை அதுதான். அதற்குப் பணம் கட்டிச் சேரும் ஜிம் வேண்டுமென்பதில்லை. தண்டாலும் பஸ்கியும் நம் பாட்டனார் காலத்திலேயே இருந்தவை.

நேரம் இல்லை என்பது உண்மையான தடை. அதிலும் மாணவியர் விடுதிகள் பலவற்றில் இரவு குறித்த மணிக்கு மேல் வெளியே போக அனுமதி இல்லை; ‘காலாற நடந்து வாருங்கள்’ என்று அவர்களுக்கு எழுதுவது எளிது. ஆனால் கதவு திறப்பதற்கு நீண்ட சாலை தேவையில்லை. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரை ஏறும் அபாயமுள்ள முதியவர்கள் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடந்தார்கள். காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததற்கு நிகராக நாள் முழுவதும் சர்க்கரை அடங்கியது. இரவு உணவுக்குப் பின் ஏறுவது அதைவிட நன்றாக அடங்கியது. குளுகோஸ் இரத்தத்தில் வந்து நிற்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவே. விடுதி மொட்டைமாடியிலும், நீண்ட தாழ்வாரத்திலும், படிக்கட்டிலும் பதினைந்து நிமிடம் நடக்கலாம். மூன்றாம் மாடிக்கு லிப்டில் போகாதவர், இலண்டன் கண்டக்டரின் கணக்கில் ஒரு பங்கை அன்றாடம் செலுத்திவிடுகிறார்.

தாய் தந்தையருக்கு நீரிழிவோ இளவயது மாரடைப்போ இருந்தால், ஒல்லியாக இருந்தாலும் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் நலம். 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் என்றால் மீண்டும் சோதித்து மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு டிரைகிளிசரைடு, எச்.டி.எல். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை ஒழுங்காக இருக்கும்போதே கல்லீரலின் கதையை அவை சொல்லிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெற்றோரையும் அழைத்துப்போய்ப் பார்க்கலாம். நடக்கும்போது மார்பில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால், அவர்களானாலும் நாமானாலும், நடையை நிறுத்தி முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக நம் மெஸ் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். மாலைச் சிற்றுண்டியில் வாரத்தில் ஒருநாள் போடும் சுண்டலை நான்கு நாளாக்கலாம். போண்டாவுக்குப் போகும் எண்ணெய்ச் செலவு மிச்சம். பொரியல் பாத்திரத்தைச் சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் வைத்தால் வரிசையில் நிற்பவர் தட்டில் முதலில் விழுவது பொரியலாக இருக்கும். இரவு ஒன்பதரை மணிக்குப் போடும் சாப்பாட்டை எட்டு மணிக்குப் போட்டால், வாயில் மூடுவதற்கு முன் மாணவியரும் ஒரு சுற்று நடந்து வர முடியும்.